கப்பல் பூசணி விருந்து

லூயிஸ் சட்டிக்குள் எட்டிப் பார்த்தான். மனைவி ஐரீன் அதில் போட்டது துண்டு துண்டாக நறுக்கிய மஞ்சள் காய். இப்போது உள்ளே கிடந்தது கஞ்சி.

"இன்னாடி இது, கொயகொயனு கீது? நூல் நூலா வரும்னு சொன்னானே?"

"யாரு, உன் கப்பல்காரனா? அவன்கிட்டயே போய்க் கேளு." ஐரீன் கரண்டியைச் சட்டிக்குள் வீசினாள். "ஞாயித்துக்கெயம நிச்சயம். சம்பந்தி வூட்டுக்காரங்க எலைல இத்த ஊத்துனா எல்சி ஆயுசுக்கும் நம்ம வூட்லதான் குந்திகினு இருப்பா."

அவனிடம் போய்க் கேட்க வழியில்லை. அமெரிக்கக் கோதுமையை இறக்கிவிட்டு அந்தக் கப்பல் போய் மாதக்கணக்கில் ஆகிவிட்டது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் லூயிஸுக்குக் கப்பலின் சமையல்காரன் தோஸ்து. ஐரீன் போட்ட மீன் ஊறுகாய்க்கு மயங்கி, பதிலுக்கு ஒரு கைப்பிடி விதை கொடுத்தான். இதில் ஒரு பூசணி காய்க்கும், அதைச் சூட்டில் வாட்டி முள்கரண்டியால் சுரண்டினால் இத்தாலிக்காரர்கள் தின்னும் நீட்டுச் சேமியா மாதிரி இழை இழையாக வரும், கோதுமையே வேண்டாம் என்று கையைக் காலை ஆட்டி விளக்கினான். கோதுமைக் கப்பலில் வந்தவனே கோதுமை வேண்டாம் என்கிறானே என்று லூயிஸ் அன்றைக்கு வயிறு குலுங்கச் சிரித்தான். விதை முளைத்து, கொடி ஓட்டின் மேல் ஏறி, கூடை கூடையாகக் காய்த்தபோதும் சிரித்தான். சம்பந்தியம்மாள் வந்த அன்றுதான் சிரிப்பு நின்றது.

அது அரிசிப் பஞ்ச காலம். விருந்து வைத்தால் இத்தனை பேருக்கு மேல் அரிசிப் பண்டமோ கோதுமைப் பண்டமோ போடக் கூடாது, போட்டால் கேஸ் என்று சட்டம். காய்கறியும் மீனும் எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம். சர்க்காருக்கு இப்படி ஒரு கணக்கு என்றால், மாப்பிள்ளை தாமஸின் தாய் வியாகுலம்மாளுக்கு வேறு கணக்கு.

"எங்க சனம் காசிமேட்லேந்து எண்ணூர் வரிக்கும் கீது நைனா. ஒருத்தர வுட்டாலும் பேஜாராப் பூடும். அல்லாரும் வருவாங்க. கெயங்கையும் வாயப்பயத்தையும் குடுத்து அனுப்பலாம்னு பாக்காத. முடியாதுன்னா இப்பவே சொல்லிடு, திருவொத்தியூர்ல இன்னொரு எடம் காத்துகினு கீது. மோதிரம் மாத்தறதே சாப்பாட்டுக்கு அப்புறந்தான். எலயப் பாத்துட்டுதான் கைய நீட்டுவோம்."

மகள் எல்சி அன்று இரவெல்லாம் அழுதாள். கோயில் பாட்டுக் குழுவில் தாமஸின் பக்கத்தில் நின்று பாடிப் பாடி அவளுக்கு வேறு பாட்டே மறந்து போயிருந்தது. "தாமஸு இல்லாட்டி நான் கன்னியாஸ்திரி மடத்துக்குப் பூடுவேன்," என்றாள். அதே கன்னியாஸ்திரிகள்தான் பள்ளிக்கூடத்தில் வாயாடி என்று அவளை வெளியே நிற்க வைத்தவர்கள். மடத்திலும் இடம் கிடைக்காது என்று லூயிஸுக்குத் தெரியும். ஒரே பெண். அவள் முகம் வாடினால் அவனுக்குக் கிரேன் கைப்பிடியே பிடிபடாது.

அதனால்தான் வியாகுலம்மாளிடம் வாயை விட்டான். "சேமியா மாரி ஒரு ஐட்டம் போடறேன். சட்டமும் ஒண்ணியும் பண்ண முடியாது. ஊரே பேசும் பாருங்க."

ஊர் பேசப் போவது இந்தக் கஞ்சியைப் பற்றித்தான் என்று இப்போது தோன்றியது.

"அவன் சூட்ல வாட்டச் சொன்னான், தண்ணில போடச் சொல்லலியே!" லூயிஸ் நெற்றியில் அடித்துக்கொண்டான். "கிறிஸ்மஸ் கேக்கு எப்டி செய்வ? டின்னுக்கு அடியிலயும் நெருப்பு, மூடி மேலயும் நெருப்பு. அப்டி வாட்டினா ஆச்சு."

"நறுக்கியா, முயுசாவா?"

"முயுசாத்தான். நறுக்கினதாலதான கரஞ்சி பூட்ச்சு?"

முழுக் காய் ஒன்றை மண்ணெண்ணெய் டின்னுக்குள் வைத்து, மூடி, கீழும் மேலும் கரியைக் கொட்டி விசிறினான். குட்டைச் சுவருக்கு அந்தப் பக்கம் பரசுராமன் வெள்ளைச் சட்டை போட்டு, கண்ணாடி முன் நின்று தலை வாரிக்கொண்டிருந்தார். ஏதோ ஓர் ஆபீசில் குமாஸ்தா. அந்தத் தெருவிலேயே தினமும் சட்டைக்குக் கஞ்சி போடுகிறவர் அவர் ஒருவர்தான்.

டின் வெடித்தது. மூடி பறந்தது. பூசணியில் பாதி கூரைக்கும் மீதி பரசுராமனுக்கும் போய்ச் சேர்ந்தன.

"யோவ் லூயிஸு! வூட்ல குண்டு செய்றியா?"

"குண்டு இல்ல சார், பூசணி!" லூயிஸ் சுவர் ஏறிக் குதித்து, இடுப்பில் செருகியிருந்த துணியை உருவி அவர் சட்டையைப் பரபரவென்று துடைத்தான். அது கிரேனுக்குக் கிரீஸ் துடைக்கும் துணி என்பது துடைத்து முடித்த பிறகுதான் உறைத்தது.

பரசுராமன் தன் மார்பைக் குனிந்து பார்த்தார். மஞ்சளுக்கு மேல் கறுப்பு நன்றாகவே எடுப்பாக இருந்தது.

"ஞாயித்துக்கெயம விருந்து வெக்கிறியாமே," என்றார் மெதுவாக. "அத்தினி பேருக்கு இன்னாத்தப் போடறேன்னு நானும் பாக்கறேன்."

லூயிஸ் கடைசியில் போய் நின்றது உசேன் பாய் ரொட்டிக் கடையில். பேட்டையில் பெரிய அடுப்பு அது ஒன்றுதான். நோன்பு மாதம். பாய் காய்ந்த உதட்டோடு காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரொட்டி எடுத்தப்புறம் அடுப்புல சூடு தங்கும். அதுல வெச்சிப் பாக்கலாம். முயுசா வேணாம், ரெண்டா பொள. என் அடுப்பும் வெடிச்சா ஊருக்கு ரொட்டி கெடையாது."

இரண்டாகப் பிளந்து, கவிழ்த்து வைத்து, வாட்டி எடுத்தார்கள். லூயிஸ் மாதாவை வேண்டிக்கொண்டு முள்கரண்டியால் சுரண்டினான். இழை வந்தது. ஒன்றல்ல, பத்தல்ல, கொத்துக் கொத்தாக, பொன் நிறத்தில் வந்தது.

"பாய்! வந்துட்ச்சு பாய்!" என்று பாயைக் கட்டிப் பிடித்ததில் இருவர் முகத்திலும் மாவு அப்பிக்கொண்டது.

ஐரீன் அதை இறால் போட்டுத் தாளித்தாள். எல்சி வாயில் போட்டாள். "நல்லாத்தான் கீது. ஆனா நறுக் நறுக்னு காய் மாரியே கீது நைனா."

"சேமியா மாரி இருந்தாப் போதும். சேமியாவே ஆவணுமா?" என்றான் லூயிஸ். மீதிக் காயெல்லாம் கைவண்டியில் ரொட்டிக் கடைக்குப் போனது. ஞாயிறு காலையில் வாட்டி, சுரண்டி, தட்டில் நிரப்பி அனுப்புவது பாய் பொறுப்பு.

ஞாயிற்றுக்கிழமை தெருவை அடைத்துப் போட்ட பந்தலில் வியாகுலம்மாளின் சனம் அலை அலையாக வந்து இறங்கியது. ரொட்டிக் கடையிலிருந்து தட்டுகள் வந்தன. பாய் வரவில்லை. ஒவ்வொரு தட்டிலும் மஞ்சள் தூவிய இழைக் குவியல். ஒரு தட்டின் மேல் மட்டும் சுரண்டாமல் விட்ட அரைக் காய் ஒன்று உட்கார்ந்திருந்தது.

"பாய் ஒண்ண மறந்துட்டாரு போல," என்று அதை எடுத்து ஓரமாக வைத்தான் லூயிஸ்.

ஐரீன் தாளித்துக்கொண்டே ஒரு வாய் போட்டாள். "ஏங்க, அன்னிக்கு நறுக்னு இருந்துச்சே, இன்னிக்கு வயவயனு கீது?"

"அன்னிக்கு ஒரே காயி. இன்னிக்குக் கூட்டமா வெந்துகீது. கல்யாணச் சோறு ருசியா இருக்குதே, ஏன்? நெறைய வேவறதாலதான்." தெரியாத விஷயத்தை விளக்குவதில் லூயிஸை மிஞ்ச ராயபுரத்தில் ஆள் இல்லை.

பந்தி உட்கார்ந்தது. இலையில் வறுத்த மீன், கிழங்கு, பழம், நடுவில் இறால் போட்ட மஞ்சள் குவியல். வியாகுலம்மாள் ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்தாள். அவள் தாடை அசைவதையே லூயிஸ் பார்த்துக்கொண்டு நின்றான்.

"இன்னா ருசி!" என்றாள். "இன்னும் கொஞ்சம் வையி நைனா."

அடுத்த நிமிஷம் பந்தல் வாசலில் பரசுராமன் நின்றார். பக்கத்தில் காக்கிச் சட்டையும் கண்டிப்பான மீசையுமாக ஒருவர். உணவுக் கட்டுப்பாட்டு இன்ஸ்பெக்டர் எத்திராஜ்.

"இத்தனை பேருக்குச் சேமியாவா?" இன்ஸ்பெக்டர் பந்தியை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை பார்த்தார். "கோதுமைப் பண்டம். யாருய்யா இங்க வீட்டுக்காரர்?"

"சேமியா இல்ல சார்," என்று ஓடிவந்தான் லூயிஸ். "பூசணிக்கா."

பந்தல் முழுக்க வாய்கள் பாதியில் நின்றன. வியாகுலம்மாள் இலையை விட்டு எழுந்தாள்.

"இன்னாது? பூசணிக்காயா? எம் புள்ள நிச்சயத்துக்கு எங்க சனத்துக்குப் பூசணியப் போட்டியா? தாமஸு, எயுந்துரு!"

தாமஸ் எழுந்திருக்கவில்லை. எல்சி வீட்டு வாசற்படியில் நின்று தாவணி முனையைக் கடித்தாள். சேமியா என்றால் கேஸ், பூசணி என்றால் கல்யாணம் நின்றுபோகும். இரண்டுக்கும் நடுவில் ஒரு மனிதன் எங்கே போவான்?

ஓரத்தில் வைத்த அரைக் காய் கண்ணில் பட்டது. பாய்ந்து எடுத்தான்.

"அல்லாரும் பாருங்க! சார், நீயும் பாரு. யம்மா, நீயும் பாரு. அமெரிக்காக் கப்பல்ல வந்த வெத. இந்த ஊர்ல எவன் வூட்லயும் இத்த யாரும் துன்னதில்ல!"

எல்லாருக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்து முள்கரண்டியால் ஒரு சுரண்டு சுரண்டினான். பொன்னிற இழைகள் கொத்தாகச் சரிந்து தட்டில் விழுந்தன. பந்தல் முழுக்க "ஆ" என்றது. இன்னொரு சுரண்டு. முன் வரிசையில் யாரோ கை தட்டினார்கள்.

இன்ஸ்பெக்டர் காயைத் தட்டிப் பார்த்தார், மோந்து பார்த்தார். பிறகு ஒரு காலி இலை முன் உட்கார்ந்து பரிமாறியதை வாயில் போட்டார். "அப்படியே சேமியா!" என்றார் வியப்போடு. "இத்தனை வருஷ சர்வீஸ்ல நானே ஏமாந்துட்டேன்னா பாத்துக்குங்க."

"அதான் சார் இதோட பெருமயே," என்றான் லூயிஸ், கண்ணில் நீரோடு.

வியாகுலம்மாள் சுற்றிலும் பார்த்தாள். சனமெல்லாம் வாய் பிளந்து நிற்பதைக் கண்டதும் அவள் முதுகு தானாக நிமிர்ந்தது. "அமெரிக்காலேந்து வந்தது!" என்று பக்கத்து இலைக்குச் சத்தமாகச் சொன்னாள். "எம் புள்ளைக்கின்னே வளத்துகீறாரு சம்பந்தி. இன்னா பாத்துகினு நிக்கிறீங்க, மோதிரத்த எடுங்க!"

மோதிரம் மாறியது. எல்சி அழுதுகொண்டே சிரித்தாள். ஐரீன் எல்லார் முன்னாலும் லூயிஸின் கையைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் அப்படி ஒரு காரியம் செய்ததில்லை. பரசுராமன் யாரும் கூப்பிடாமலே கடைசி இலையில் உட்கார்ந்து இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

கை கழுவும்போது இன்ஸ்பெக்டர் லூயிஸின் தோளைத் தட்டினார். "பஞ்சத்துக்கே இது மருந்துய்யா. அடுத்த ஞாயித்துக்கிழமை எங்க பெரிய அதிகாரிங்களக் கூட்டிட்டு வரேன். இன்னிக்குப் போட்டது அப்படியே இருக்கணும், ஒரு இழை மாறக் கூடாது."

காலித் தட்டுகளைத் தலையில் சுமந்துகொண்டு, வழியில் கண்டவர்களுக்கெல்லாம் கதையைச் சொல்லிக்கொண்டு, லூயிஸ் ராஜா மாதிரி ரொட்டிக் கடைக்கு வந்தான்.

"பாய்! ஜெயிச்சிட்டோம் பாய்! இன்ஸ்பெக்டரே எல போட்டுத் துண்ணுட்டாரு. அடுத்த ஞாயிறு பெரிய பெரிய ஆபீசருங்க வராங்க. இன்னிக்குச் செஞ்சா மாரியே செஞ்சிக் குடுக்கணும், புர்தா?"

உசேன் பாயின் முகம் வெளுத்தது. வெளியே எட்டிப் பார்த்துவிட்டு, லூயிஸின் கையைப் பிடித்து மாவு மூட்டைகளுக்குப் பின்னால் இழுத்துப் போனார்.

"சத்தம் போடாத லூயிஸு. அந்த அரக் காயத் தவுர அத்தினியும் அடுப்புல கரியாப் பூட்ச்சு. நீங்கல்லாம் துண்ணது பெருநாளுக்கு விக்க நான் வாங்கி வெச்சிருந்த சேமியா!"