பெயருக்கு மேலே நான்கு புள்ளி

திரை முழுக்கப் பூச்சி ஊர்வது மாதிரிக் கன்னாபின்னாவென்று எழுத்துகள். வைனோ தாடையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நேத்துவரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு?" என்றாள் அக்கா சில்வி, தோளில் துண்டோடு. சனிக்கிழமை மாலை. சவ்னா என்னும் நீராவிக் குளியலறை சூடேறிக் காத்திருந்தது.

"பேரு நல்லா இல்லையேக்கா."

வினை அங்கேதான் ஆரம்பித்தது. கணினியைத் தொலைபேசியோடு இணைக்கும் மோடத்துக்கு ஏழு பிட் என்று சொல்லியிருந்தவரை, பின்னிஷ் எழுத்துகளின் தலைப்புள்ளிகள் வராது. ä இருக்க வேண்டிய இடத்தில் { வரும், ö இருக்க வேண்டிய இடத்தில் | வரும். Väinö என்ற வைனோவின் பெயர் V{in| என்றுதான் போய்ச் சேரும். ஊரில் கணினி வைத்திருந்த எல்லாருக்கும் இப்படிப் படித்துப் பழக்கம்தான்.

ஆனால் தொலைபேசி வழியாக நுழையும் செய்திப் பலகையில் அவருடன் கடிதம் எழுதிப் பழகிய கெர்த்து, ஏரிக்கரை நடனத்துக்கு வருகிறீர்களா என்று கேட்டிருந்தாள். இன்று ஏழு மணிக்குள் பதில் வராவிட்டால் டிக்கெட் அவளுடைய தங்கைக்குப் போய்விடும். மனைவி போனபிறகு அவரை யாரும் எங்கும் அழைத்ததில்லை. உடைந்த வேலி மாதிரி ஒரு பெயரோடு 'வருகிறேன்' என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. எட்டு பிட்டுக்கு மாற்றினார். பாரிட்டி என்ற இன்னொரு அமைப்பையும் கூடவே மாற்ற வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது.

வேகத்தைக் குறைத்துப் பார்த்தார். அதே குப்பை, மெதுவாக வந்தது.

"வேற போர்ட்டுக்கு மாத்திப் பாக்குறேன்."

அந்த இணைப்புத் துளையில் ஏற்கெனவே மவுஸ் இருந்தது. அது செத்தது. மோடமும் வாயை மூடிக்கொண்டது.

"பழையபடியே வச்சுத் தொலையேன்டா."

"பழையபடின்னா எப்படி இருந்துச்சுன்னு ஞாபகம் இல்லையே."

"புள்ளி வேணுமாம் புள்ளி," என்று முனகிக்கொண்டே சில்வி சவ்னாவில் இன்னொரு விறகு போடப் போனாள்.

எப்படியோ மோடத்துக்கு மட்டும் உயிர் வந்தது. திரும்பத் திரும்பப் பலகையை அழைத்தார். ஒவ்வொரு தடவையும் இணைப்பு கிடைத்தது, பூச்சிகளும் வந்தன. ஏழு மணி ஆகப்போகிறது. வைனோவுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

கடைசியில் வீட்டுத் தொலைபேசிக் கம்பியிலிருந்து மோடத்தைப் பிடுங்கிவிட்டு, பலகையை நடத்தும் ரெய்யோவின் வீட்டுக்குப் போன் போட்டார். சவ்னா நேரத்தில் ஒரு வீட்டுக்குப் போன் போடுவது நல்ல மனிதர் செய்கிற காரியமில்லை.

ரெய்யோவின் மனைவிதான் எடுத்தாள். "அவரு குளிக்கப் போயிருக்காரு."

"மன்னிக்கணும்மா. நான் வைனோ. பலகையில கெர்த்துன்னு ஒருத்தங்களுக்கு அவசரமா ஒரு பதில் போடணும். உள்ளயே போக முடியல."

"ஓ, நீங்கதானா? அவங்களும் இப்பத்தான் பேசினாங்க. சாயங்காலத்துலேர்ந்து பலகை லைனு பிஸியாவே இருக்காம். உங்க பதில் வந்துச்சான்னுகூடப் பாக்க முடியலையாம்."

பலகைக்கு இருப்பது ஒரே லைன். அதைப் பிடித்து வைத்திருந்தது யாரென்று வைனோவுக்குத் தெரியும்.

"அப்ப டிக்கெட்டு தங்கச்சிக்குப் போயிருச்சாம்மா?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. பாவமா இருந்துச்சு, நீங்க பதிவு பண்ணப்போ கொடுத்த வீட்டு நம்பரைக் கொடுத்துட்டேன். மறுபடியும் கூப்பிட்டு அதுவும் பிஸின்னாங்க, கிடைக்கிறவரைக்கும் போட்டுக்கிட்டே இருக்கேன்னாங்க. முதல்ல நீங்க ரிசீவரைக் கீழ வைங்க."