தீனதயாளனின் மணிக்கட்டு

“கையைக் குடுங்க,” என்றாள் மனைவி உஷாராணி.

தீனதயாளன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான். “இப்பத்தான் சாப்புட்டேன், உஷா.”

“கைக்கும் சாப்பாட்டுக்கும் என்னங்க சம்பந்தம்? தினமும் பழகோணும்னு மாஸ்டர் வீட்டுப்பாடம் குடுத்திருக்காரு.”

கொடுத்தான். அவள் மணிக்கட்டைப் பிடித்து வெளிப்பக்கமாகத் திருப்பினாள். கை போன வழியே உடம்பும் போயிற்று. தொப்பென்று தரையில் கிடந்தான்.

சேலத்தில் ஐகிடோ என்ற ஜப்பானியத் தற்காப்புக் கலை வகுப்பில் அவள் சேர்ந்ததிலிருந்து இதே கதிதான். இளம்பிள்ளையில் அவனுக்குச் சேலைக் கடை. தீபாவளி வியாபாரம் நெருங்குகிறது. நாள் முழுக்கச் சேலையை உதறி விரித்துக் காட்ட மணிக்கட்டு வேண்டும். அது முறிந்தால் யார் விரிப்பது?

மறுநாள், “வலது கை சுளுக்கிருச்சு,” என்றான்.

“அப்ப இடது கையைக் குடுங்க.”

அதுவரை ஒரு கைக்குத்தான் பயம். அன்று முதல் இரண்டுக்கும்.

அடியாவது படாமல் இருக்கட்டும் என்று ஹாலில் இலவம்பஞ்சு மெத்தையை விரித்தான்.

“நல்லதாப் போச்சுங்க. இனி வேகமாவே போடலாம்,” என்றாள்.

சரி, ஒழுங்காக விழவாவது கற்போம் என்று, மதிய நேரத்தில் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, போனில் வீடியோ பார்த்துப் பழகினான். தாடையை நெஞ்சோடு ஒட்டி, முதுகை வளைத்து உருண்டு, உள்ளங்கையால் தரையை அடித்தான்.

கடையில் வேலை பார்க்கும் பாப்பாயி சாப்பிட்டுவிட்டுக் குனிந்து உள்ளே வந்தவள் அப்படியே நின்றாள். “ஏனுங்கண்ணா, வலிப்புங்களா? சாவிக்கொத்து எடுத்தாரட்டுங்களா?”

“பயிற்சிம்மா.”

“எங்க சின்னய்யனுக்கும் இப்படித்தானுங்க ஆரம்பிச்சுது,” என்று அவள் சாவியைக் கையில் திணித்துவிட்டுத்தான் நகர்ந்தாள்.

பயிற்சி பலித்தது. அடிபடாமல் பூப்போல விழுந்தான். உஷாராணியின் முகம் மலர்ந்தது. “இத்தனை நல்லா விழறீங்களே. இனி காலையிலயும் பழகலாமுங்க.”

கடைசியாக அவனுக்கு ஒரு யோசனை தோன்றியது. அவள் திருப்பினால்தானே மணிக்கட்டுக்கு ஆபத்து? திருப்புவதற்குள் விழுந்துவிட்டால்? அன்று மாலை அவள் விரல் பட்டதுமே மெத்தையில் உருண்டான்.

உஷாராணி தன் கையையே உற்றுப் பார்த்தாள். “நான் இன்னும் திருப்பவே இல்லீங்களே.”

அடுத்த நாள் எதிர் வீட்டுச் சின்னாயி அக்கா ஒரு கிண்ணம் முறுக்கோடு வந்து சோபாவில் உட்கார்ந்தாள். “தொட்டாலே விழுகறாராமா. எங்கே, பாக்கலாம் சாமி.”

விழுந்தான். அக்கா முறுக்கைக் கடித்தபடி, “இன்னொருக்கா,” என்றாள்.

அந்த வாரமே இடி இறங்கியது. “ஞாயித்துக்கிழமை டெஸ்ட்டுங்க. உங்களையும் கூட்டியாரச் சொன்னாரு மாஸ்டர்.”

“என்னை எதுக்கு?”

அவள் தண்ணீர் குடிக்க உள்ளே போய்விட்டாள்.

பத்துப் பேர் பார்க்க மணிக்கட்டு முறியும் சத்தம் அவன் காதில் அப்போதே கேட்டது. ஞாயிறு காலை அவள் இட்லியைத் தொடவில்லை. பஸ்ஸில் ஜன்னல் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். அந்தப் பிடியைப் பார்த்ததும் அவன் தன் இரண்டு கைகளையும் அக்குளில் செருகிக்கொண்டான்.

கல்யாண மண்டபத்து மாடியில் வகுப்பு. அவள் உடை மாற்றப் போனதும், பாய் விரித்துக்கொண்டிருந்த மாஸ்டர் ஈஸ்வரிடம் ஓடினான்.

“மாஸ்டர், உஷாராணி ஊட்டுக்காரனுங்க நான். உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன். ஆளைத் தூக்கிப் போடறதை இனிமேலாவது அவளுக்குச் சொல்லித் தராதீங்க. பண்டிகை முடியற வரைக்கும் எனக்குக் கை வேணுமுங்க.”

ஈஸ்வர் பாயை விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

“நான் எங்கீங்க சொல்லித் தந்தேன்? மத்தவங்க போடறதை அவங்க சுவத்தோரமா நின்னு பாக்கறதோட சரி. தான் விழற முறை வந்தா, தண்ணி குடிக்கப் போயிருவாங்க. விழறதுன்னா அத்தனை பயம். அது தெளியட்டும்னுதானுங்க, தினமும் நீங்க அவங்க கையைத் திருப்பிக் கீழ போடோணும்னு வீட்டுப்பாடமே குடுத்தேன். வாங்க, இன்னைக்கு டெஸ்ட்டுல அவங்களைத் தூக்கிப் போடப் போறதே நீங்கதானுங்க.”