எரியப்போகும் படத்துக்கு ஒரு தாள்

“எரியப்போற படம்தானே அக்கா, எந்தத் தாளா இருந்தா என்ன…”

“எரியறது மத்தியானம்டி. அதுவரைக்கும் அவர் பக்கத்துல…”

“அவர் கண்ணைத் தொறந்து பார்க்கப்போறாராக்கும்!”

“காகேயாமாவா? கண்ணை மூடிக்கிட்டே குத்தம் கண்டுபிடிப்பாரு.”

ஃபுமியோ மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். அவள் படக்கதை வரைபவள். அதற்கு முப்பத்தோராண்டுகள் வண்ணம் தீட்டியவர் காகேயாமா. பதினோரு மணிக்கு அவருக்கு இறுதிச் சடங்கு. “நீங்களே கலர் அடிச்ச படம் ஒண்ணு எனக்கு வேணும்” என்று அவர் வருஷா வருஷம் கேட்பார். “ஆகட்டும், ஆகட்டும்” என்று இவளும் வருஷா வருஷம் சொல்லிவைத்தாள். இனிச் சவப்பெட்டிக்குள் வைத்து, அவரோடு எரிய அனுப்பினால்தான் உண்டு.

தாள் பார்ப்பதும் அவர் வேலைதான். கட்டைவிரலால் ஒரு தடவு தடவிவிட்டு, “இது மார்க்கர் மையைக் குடிக்கும், இது குடிக்காது” என்பார். இவளும் தடவிப் பார்த்தாள். எல்லாம் தாளாகத்தான் இருந்தன.

முதலில் எடுத்தது குடித்தது. கதாநாயகியின் சிவப்புக் கூந்தல் காதைத் தாண்டிக் கழுத்துக்கு இறங்கியது. தாளையும் தாண்டி அடியில் கிடந்ததில் ஊறியது.

“அடியில என்ன அக்கா?” என்றாள் தங்கை சிசுரு.

“இரங்கல் உரை.”

“இன்னிக்கு நீ வாசிக்கப்போறதா?”

“‘சாதுவான மனிதர்’னு எழுதின இடத்துல ரத்தம் தெறிச்ச மாதிரி ஆயிடுச்சு.”

அடுத்தது வழவழத் தாள். அது ஒரு சொட்டும் குடிக்கவில்லை, காயவும் இல்லை. சிசுரு நல்லெண்ணத்தோடு தலைமுடி உலர்த்தும் கருவியைக் கொண்டுவந்து ஊதினாள். கதாநாயகியின் கண்ணிரண்டும் கன்னத்துக்கு ஓடிவந்தன.

“அழறாப்பலயே இருக்கா. சாவுக்குப் பொருத்தம்தான்.”

“வாயை மூடுடி!”

மூன்றாவது, நீர்வண்ணத்துக்கான சொரசொரத் தாள். அது முதல் குடிகாரனுக்கு அண்ணன். பாதி முகத்திலேயே தோல்நிற மார்க்கர் வறண்டுவிட்டது. வேறொன்று இல்லை, வாங்கி வைப்பவரும் அவர்தானே.

மணி பத்து. வெளியே டாக்சி வந்து நின்றது. ரசிகர்களுக்குக் கையெழுத்திட்டுத் தரும் பொன்விளிம்பு அட்டையை ஃபுமியோ எடுத்தாள்.

“மரியாதைன்னா இதுதான். யாரும் வாயே தொறக்க முடியாது.”

“முகத்துக்கு என்ன கலர் அடிப்பே?”

“ரோஸ்.”

“காய்ச்சல்காரி மாதிரி இருப்பா.”

இருந்தாள். ஓரமெல்லாம் பஞ்சாகப் பரவியது. ஆனாலும் ஒருவழியாக முகம் என்று ஒன்று நின்றது. மூலையில் தன் பெயருக்கு முன்னால் காகேயாமாவின் பெயரை எழுதினாள் ஃபுமியோ. முப்பத்தோராண்டில் அதுதான் முதல் தடவை.

சடங்குக் கூடத்தில், வெள்ளைப் பூக்களுக்கு நடுவே அவர் எதையோ சரியில்லை என்பதுபோல் படுத்திருந்தார். வெள்ளைக் கையுறை போட்ட பணிப்பெண் அட்டையை இரு கையாலும் வாங்கி, குனிந்து வணங்கினாள். பெட்டிக்குள் மட்டும் வைக்கவில்லை.

“மன்னிக்கணும்மா, அட்டை சரியா எரியாது, உள்ள வைக்க முடியாது, நீங்க அட்டையோடதான் வருவீங்கன்னு தெரிஞ்சு, போன வருஷம் தன்னோட சடங்குக்கு ஏற்பாடு பண்ண வந்தப்பவே ஐயா மார்க்கர் குடிக்காத மெல்லிசுத் தாள் ரெண்டு கொடுத்துட்டுப் போனாரு, ரெண்டாவதை நீங்க முதல் தாளைக் கெடுத்தப்புறம்தான் கொடுக்கச் சொன்னாரு.”