பச்சைப் பெட்டி

பெட்டி சிவப்பாக இருந்தது.

சீனுவாசன் சோடா உப்பில் நனைத்த துணியைக் கீழே வைத்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். சமையலறைப் பரணில் கிடந்து ஏறிய நூறு வருஷத்துக் கரி, துடைத்த இடத்தில் மட்டும் போயிருந்தது. போன இடமெல்லாம் சிவப்பு.

"பச்சைன்னுதான சொன்னீங்க?" என்றாள் அவர் மனைவி கிருஷ்ணவேணி. அவள் முற்றத்தில் உட்கார்ந்து மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

"பச்சைதான்."

"எனக்கு செவப்பா தெரியுதே."

"எனக்கும் அப்படித்தான் தெரியுது. நீ கொஞ்சம் சும்மா இரு."

அழைப்பிதழ் முந்நூறு பேருக்குப் போய்விட்டது. '1925 நகரசபைத் தேர்தலில் அமரர் முத்துவேங்கடம் அவர்களுக்கு வெற்றி தேடித் தந்த பச்சைப் பெட்டி காட்சிக்கு வைக்கப்படும்' என்று அதில் பச்சை மையிலேயே அச்சடித்திருந்தார்கள். விழா மறுநாள் காலை பத்து மணிக்கு, விழுப்புரத்தில். சீனுவாசனின் தாத்தாவான முத்துவேங்கடம் வாழ்ந்த தெருவின் நலச் சங்கம் புதிதாகக் கட்டிய படிப்பகத்துக்கு அவர் பெயரை வைக்கிறார்கள். திண்டிவனத்திலிருந்து பேரன் பெட்டியோடு போய் இறங்க வேண்டும்.

சீனுவாசனுக்கு வயது அறுபது. முப்பத்துநாலு வருஷம் மல்லாட்டை மண்டியில் எடை போட்டு ஓய்ந்தவர். வாழ்க்கையில் அவரை யாரும் மேடையில் ஏற்றியதில்லை. கல்யாணத்தில் ஏற்றினார்கள், அன்றும் எல்லாரும் பெண்ணைத்தான் பார்த்தார்கள். அவருக்கென்று இருந்தது தாத்தா ஒருவர்தான். நாளைக்கு ஒலிபெருக்கியில் தாத்தா பெயரோடு தன் பெயரும் ஒரு தடவை சேர்ந்து வந்துவிட்டால், அதற்கப்புறம் எதுவும் வேண்டாம் என்று இருந்தார்.

தாத்தாவின் கதை அந்த வீட்டில் எல்லாருக்கும் மனப்பாடம். அந்தத் தேர்தலில் ரகசிய ஓட்டு கிடையாது. வீட்டு வரி யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கே ஓட்டு. சீட்டில் கையெழுத்துப் போட்டு, தனக்குப் பிடித்தவரின் நிறப் பெட்டியில் போட வேண்டும். தாத்தாவுக்குப் பச்சை. ஓட்டுப்பதிவு முடிந்த அன்று பெருமழை. தாலுகா கச்சேரிக் கூரை ஒழுகியதால், சீல் வைத்த இரண்டு பெட்டிகளும் அன்றிரவு தாத்தாவின் வீட்டிலேயே இருந்தன. ஊருக்கு அவர்மேல் அவ்வளவு நம்பிக்கை.

மறுநாள் எண்ணினார்கள். தாத்தாவுக்கு அறுபத்தோரு ஓட்டு. எதிர்த்து நின்ற ஞானப்பிரகாசம் வாத்தியாருக்குச் சுழி. ஒன்றுகூட இல்லை. ஊரில் பாதிப்பேர் அவருக்குத்தான் போட்டோம் என்று அடித்துச் சத்தியம் செய்தார்களாம், பெட்டியோ காலி. வாத்தியார் குடியிருந்த வீடு அவர் மனைவி மரியபுஷ்பத்தின் பெயரில் இருந்ததால் அந்த வீட்டு ஓட்டும் அவளுடையது. சொந்தப் பெண்டாட்டியே போடவில்லை! இந்த இடம் வரும்போது சீனுவாசனின் அப்பா தொடையைத் தட்டிச் சிரிப்பார். வாத்தியார் அதற்கப்புறம் சாகிறவரை மனைவியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை என்பதையும் அதே சிரிப்போடுதான் சொல்வார்.

வெற்றியின் நினைவாகப் பச்சைப் பெட்டியை அந்தக் காலத்துத் துரை தாத்தாவுக்கே பரிசாகக் கொடுத்துவிட்டார் என்பது குடும்ப வரலாறு. "இத எந்தக் காலத்திலயும் தொறக்கக் கூடாது" என்பது தாத்தாவின் கடைசி வார்த்தை. ஜெயித்ததைத் திறந்துகாட்டிப் பெருமையடித்துக்கொள்ளாத அந்த அடக்கத்தைச் சீனுவாசன் வருவோர் போவோரிடமெல்லாம் எடுத்துச் சொல்வார்.

அப்படிப்பட்ட பெட்டி இப்போது சிவப்பாக உட்கார்ந்திருந்தது.

பக்கத்துத் தெரு பெயின்டர் அலெக்ஸ் வந்தான். பெட்டியைச் சுற்றி வந்து, நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"இதுக்கா சார் பேஜாராயிட்டீங்க? இது ரெட் ஆக்சைடு. பிரைமரு. இரும்புன்னா மொதல்ல செவப்பு அடிச்சிட்டுத்தான் மேல கலரு குடுப்பாங்க. மேல இருந்த பச்ச கரியோட போயிருக்கும்."

சீனுவாசனுக்குப் போன உயிர் வந்தது. "அப்போ மேல பச்ச அடிச்சிடு. அரக்கு சீல் மேல மட்டும் ஒரு சொட்டு படக்கூடாது. நூறு வருஷமா கைபடாத சீல் அது."

மத்தியானத்துக்குள் பெட்டி கிளிப்பச்சை ஆனது. ஆனால் ஐப்பசி மாதம். வானம் மூடிக்கொண்டு நின்றது. மூன்று மணிக்குத் தொட்டால் விரலோடு வந்தது. நாலு மணிக்கும் வந்தது.

"டேபிள் ஃபேன வையுங்க" என்றாள் கிருஷ்ணவேணி.

நல்ல யோசனை. சீனுவாசன் மின்விசிறியைக் கொண்டுவந்து முற்றத்தில் வைத்து, முழு வேகத்தில் திருப்பிவிட்டார். அவள் காலையிலிருந்து உரித்துக் குவித்த மல்லாட்டைத் தோல் அத்தனையும் எழும்பிப் பறந்து பெட்டிமேல் போய் ஒட்டிக்கொண்டது. ஒரு கணத்தில் பெட்டிக்கு ரோமம் முளைத்துவிட்டது.

சீனுவாசன் விசிறியை நிறுத்தினார்.

"நான் ஃபேன் வைக்கத்தான் சொன்னேன்" என்றாள் கிருஷ்ணவேணி. "இந்தப் பக்கமா திருப்பி வைக்கச் சொல்லல."

அலெக்ஸ் மறுபடி வந்தான். தின்னரில் துணியை நனைத்துத் தோலைத் துடைத்தெடுத்தான். எடுக்கிற வேகத்தில் துணி அரக்குச் சீலின் மேலும் போய்விட்டது. மங்கிக் கிடந்த அரக்கு, நேற்று வைத்ததுபோல் ரத்தச் சிவப்பாய்ப் பளபளத்தது.

"பாத்தீங்களா, சும்மா ஜம்முனு ஆயிடிச்சி" என்றான் அலெக்ஸ். இன்னொரு கோட்டும் அடித்தான். சீனுவாசனுக்கும் அது நல்லதாகத்தான் பட்டது. முந்நூறு பேர் பார்க்கிற பெட்டி, பளிச்சென்று இருக்கட்டுமே.

மறுநாள் காலை ஏழரை மணிக்கு, இன்னும் லேசாகப் பிசுபிசுத்த பெட்டியைச் செய்தித்தாளில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, விழுப்புரம் பஸ்ஸில் ஏறினார்கள். கிளம்பிய அரைமணி நேரத்தில் பஸ் நின்றது. எங்கோ இடைத்தேர்தலாம். நெடுஞ்சாலையில் பறக்கும் படை வண்டி வண்டியாய்ச் சோதித்துக்கொண்டிருந்தது. ஒரு பெண் அதிகாரி உள்ளே ஏறினார். அவர் பின்னாலேயே வீடியோ எடுக்கும் ஆள் ஒருவர்.

"பெரியவரே, மடியில என்னா?"

சீனுவாசனுக்குப் பொய் சொல்லி வழக்கமில்லை. "ஓட்டுப் பெட்டிங்க" என்றார்.

முன்சீட்டிலிருந்தவர் திரும்பிப் பார்த்துவிட்டுத் தன் கூடையைத் தள்ளி வைத்துக்கொண்டார்.

"எந்த எலக்‌ஷன் பொட்டி?"

"நூறு வருஷத்துக்கு முன்னாடி நடந்ததுங்க. எங்க தாத்தா ஜெயிச்சது."

அதிகாரி செய்தித்தாளைப் பிரித்தார். கையில் பச்சை ஒட்டியது. சீலைப் பார்த்தார். பெட்டியைத் தூக்கிக் குலுக்கினார். உள்ளே காகிதங்கள் சரசரத்தன.

"நூறு வருஷத்துப் பொட்டியில பெயின்ட் காயல. சீல் நேத்து வச்ச மாதிரி மின்னுது. உள்ள கட்டுக்கட்டா என்னமோ இருக்குது. ஒடைங்க, பாக்கலாம்."

"ஐயோ, வேணாம்மா!" சீனுவாசன் பெட்டியைக் கட்டிக்கொண்டார். வெள்ளைச் சட்டையின் மார்பெல்லாம் பச்சை. "எங்க தாத்தா சாகும்போது தொறக்காதன்னு சொல்லிட்டுப் போனாரு. மல்லாட்டத் தோலு ஒட்டிக்கிச்சி, அதனால தின்னரு போட்டோம்..."

அவர் விளக்க விளக்க அதிகாரியின் முகம் இறுகிக்கொண்டே போனது. கடைசியில் கிருஷ்ணவேணிதான் கைப்பையிலிருந்து அழைப்பிதழை எடுத்து நீட்டினாள். அதிகாரி அதை முழுக்கப் படித்தார். விழாத் தலைவர், ஓய்வுபெற்ற வட்டாட்சியர் புகழேந்தி என்று போட்டிருந்தது.

"சரி. அவரு முன்னாடி, மேடையில வச்சித் தொறக்கணும். எங்க வீடியோகிராபர் கூட வருவாரு. சம்மதமா? இல்லன்னா இங்கியே ஒடைச்சிடலாம்."

சீனுவாசன் சம்மதித்தார். பஸ் கிளம்பியதும் ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தாத்தாவின் ஒரே வார்த்தை, அதையும் காப்பாற்ற முடியவில்லை. கிருஷ்ணவேணி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கையும் பச்சையானது.

விழுப்புரத்தில் படிப்பகத்துக்கு எதிரே பந்தல் நிறையக் கூட்டம். மாலை போட்ட தாத்தாவின் படம், அதற்குக் கீழே மேசை, மேசைமேல் பெட்டி. பச்சை மார்போடு சீனுவாசன் நின்றார். முன்வரிசையில் ஓரமாக ஒரு மூதாட்டி உட்கார்ந்திருந்தார். ஞானப்பிரகாசம் வாத்தியாரின் பேத்தி சவுரியம்மாள், அதே தெருவாசி. தோற்றவர் வீட்டுக்கும் ஒரு சால்வை போட வேண்டும் என்பது சீனுவாசனின் யோசனை. அதைப் பெருந்தன்மை என்று சங்கத்தில் எல்லாரும் மெச்சினார்கள். சவுரியம்மாளைக் கேட்டதற்கு, "கூப்டா வர்றேன்" என்று மட்டும் சொல்லியிருந்தார்.

சீனுவாசன் குனிந்து விசாரித்தார். "நல்லா இருக்கீங்களாம்மா?"

"இருக்கறேங்க. இந்தத் தெருவுல இன்னும் எங்க வீட்ட சுழி வாத்தியார் வீடுன்னுதான் சொல்றாங்க. தபால்காரருகூட அப்படித்தான் கேட்டுக்கினு வருவாரு." கோபமில்லாமல்தான் சொன்னார். "எங்க மரியபுஷ்பம் ஆயாவ எனக்கு நல்லா ஞாபகம் இருக்குதுங்க. ஒரே வீட்ல, தாத்தாவுக்கு சோறு போட்டு வச்சிட்டு செவுத்தோரமா நிக்கும். அவரு சாப்ட்டு எழுந்து போயிடுவாரு. 'நான் செவப்புப் பொட்டியிலதான் போட்டேன் சாமி, போட்டேன்'னு தனியாப் பேசிக்கினே இருக்கும். யாரும் நம்பல. நாங்களும் நம்பல."

சீனுவாசனுக்கு ஏதோ சங்கடமாக இருந்தது. அவருக்குப் போட வேண்டிய சால்வையை மடித்து எடுத்துக்கொண்டு மேடைக்குத் திரும்பினார்.

புகழேந்தி மைக்கைத் தட்டினார். "நூறாண்டுகளாகக் கைபடாத இந்த முத்திரையை இப்போது உடைக்கிறோம்." வீடியோக்காரர் நெருங்கினார். இடுக்கியால் ஒரு திருகு திருகியதும் அரக்கு தூளாக உதிர்ந்தது. மூடி கிரீச்சிட்டுத் திறந்தது. திறந்த வேகத்தில் பெட்டி சாய்ந்து, மஞ்சளேறிய சீட்டுகள் மேசையெங்கும் சரிந்தன. ஒரு பக்கத்துப் பச்சை தோல்போல் உரிந்து கீழே விழுந்தது.

கூட்டம் கைதட்டியது. "எவ்ளோ ஓட்டு பாருய்யா!" என்று யாரோ கத்தினார்கள்.

இரண்டு பேர் எண்ணினார்கள். நூற்று நாற்பத்தெட்டு.

"அறுபத்தொண்ணுன்னு குறைச்சி சொல்லியிருக்காரு பாருங்க!" என்றார் சீனுவாசன். "அதான் எங்க தாத்தாவோட அடக்கம்!"

மறுபடியும் கைதட்டல். புகழேந்தி மேலே கிடந்த ஒரு சீட்டை எடுத்துச் சீனுவாசனிடம் கொடுத்து, வாசிக்கச் சொன்னார். வாழ்க்கையில் முதல்முறையாக மைக் அவர் வாய்க்கு எதிரே இருந்தது. ஊதா மையில் குண்டு குண்டாக, எழுத்துக் கூட்டிப் போட்ட கையெழுத்து. அவர் வாசித்தார்.

"மரிய... புஷ்பம்."

அவர் முகம் மலர்ந்தது. அப்பாவின் தொடைத் தட்டல் காதில் கேட்டது. "கேட்டீங்களா! வாத்தியார் சம்சாரமே எங்க தாத்தாவுக்குத்தான் போட்டிருக்காங்க! நாங்க சொன்னப்போ கட்டுக்கதைன்னீங்களே, இதோ அத்தாட்சி!"

பந்தல் அதிர்ந்தது. அறுபது வருஷத்துக்குச் சேர்த்துக் கைதட்டுவதுபோல் இருந்தது அவருக்கு. சால்வைக்கு நேரமாகிவிட்டது என்று யாரோ சவுரியம்மாளைக் கைத்தாங்கலாக மேடைக்கு அழைத்துவந்தார்கள். அந்த அம்மாள் சால்வையைப் பார்க்கவில்லை. சீனுவாசன் கையிலிருந்த சீட்டை மெதுவாக வாங்கி, கண்ணுக்கருகே கொண்டுபோய் அந்தக் கையெழுத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு பச்சை உரிந்த இடத்தில் தெரிந்த சிவப்பை ஒரு விரலால் தடவினார். கீழே உதிர்ந்து கிடந்த அரக்குத் துண்டுகளையும் பார்த்தார்.

மைக் திறந்தேதான் இருந்தது. கூட்டம் முழுக்கக் கேட்டது.

"ஒரு சந்தேகம்ங்க சார். இந்த சீல இன்னிக்குத்தான ஒடச்சீங்க? அப்போ அன்னிக்கு உங்க தாத்தாவுக்கு எந்தப் பொட்டியத் தொறந்து எண்ணுனாங்க?"