சம்பந்தி வீட்டில் ஒரு நடை

திடீரென்று மெலிந்துவிட்ட மனிதனைப்போல் சகிக்க முடியாத பிராணி உலகத்தில் இல்லை. புதுக் கார் வாங்கியவனாவது சில சமயம் காரை வீட்டில் விட்டுவிட்டு வருவான். இவன் போகிற இடத்துக்கெல்லாம் தன் இடுப்பைக் கூட்டிக்கொண்டே போவான். நானும் கொஞ்சக்காலம் அப்படி அலைந்தவன்தான்.

இரைப்பையைச் சுருக்கும் சத்திரசிகிச்சைக்கு முன், கண்டி பஸ்ஸில் நான் ஏறினாலே பக்கத்து சீட்டுக்காரர் அடுத்த ஹோல்ட்டில் இறங்குவதாகப் பொய் சொல்லி எழும்பிவிடுவார். என் கால் நகம் வெட்டுவது மனைவி சரோஜாவின் பொறுப்பு. பிறகு இரைப்பை ஒரு வாழைப்பழ அளவாயிற்று. நாலு வாய்ச் சோற்றுக்குமேல் ஒரு பருக்கை இறங்கினாலும் நெஞ்சில் யாரோ கதிரை போட்டு உட்கார்ந்த மாதிரி இருக்கும். நடக்கவேண்டும், நடக்காவிட்டால் போன எடை விலாசம் விசாரித்துக்கொண்டு திரும்பி வரும் என்றார் வைத்தியர். நடந்தேன். காலையும் மாலையும் கண்டி வாவியைச் சுற்றினேன். பல வருடங்களுக்குப்பின் என் கால் விரல்களை நேரில் சந்தித்த அன்று எனக்குக் கண் கலங்கியது. (சரோஜாவுக்கும் கலங்கியது. அவளுடையது விடுதலைக் கண்ணீர்.)

இந்தச் சமயத்தில்தான் மகன் பிரதீபனுக்குப் பெண் பார்க்கப் போனோம். பார்க்க என்ன இருக்கிறது, அவனே பார்த்துவைத்த பெண்தான். ஹேவாஹெட்ட பக்கம், ஆசிரியை, பெயர் கவிதா. அவளுடைய அப்பா தங்கவேலு ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர். காதல் என்றாலே பிரம்பைத் தேடுகிற மனிதர். அவரைச் சம்மதிக்க வைப்பதற்குள் என் மகன் பாதியாக இளைத்திருந்தான், சத்திரசிகிச்சை இல்லாமலே.

கிளம்பும்போது சரோஜா எச்சரித்தாள். "ஒப்பரேசன் கதைய எடுக்காதீங்க. சீக்காளிக் குடும்பம்னு நெனச்சிடுவாங்க. கல்யாணம் முடியிற வரைக்கும் ஒங்க வயிறு சட்டைக்குள்ளயே இருக்கட்டும்."

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சம்பந்தம் பிடிக்காவிட்டால் தேத்தண்ணியோடு எழும்பிவிட வேண்டும். பெண் வீட்டில் கை நனைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். நனைத்த கையோடு பாதியில் எழும்பினால் என்ன அர்த்தம் என்று யாருக்கும் தெரியாது. அதுவரை யாரும் எழும்பியதில்லை.

பெண்ணைப் பார்த்தோம், பேசினோம், எல்லோருக்கும் திருப்தி. இலை போட்டார்கள். பெண்ணின் அம்மா பரிமாறியது சோறு அல்ல, ஹந்தானை மலை. நாலு வாய் முடிந்தது. ஐந்தாவது வாயோடு கதிரை ஆள் வந்து உட்கார்ந்துவிட்டார். நான் வியர்த்துக்கொண்டிருக்க, அந்த அம்மா இன்னொரு கோழித் துண்டை வைத்தார். இனி தாங்காது. இலையை மடித்தேன், கை கழுவினேன், வெளியே இறங்கித் தேயிலைத் தோட்டத்து ரோட்டில் நடக்க ஆரம்பித்தேன். கொஞ்சம் நடந்துவிட்டு வந்துவிடலாம், யாரும் கவனிக்கமாட்டார்கள் என்று நினைத்தேன். (அந்த ஹோலில் இருந்த அத்தனை பேரும் என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.)

பின்னால் காலடிச் சத்தம். திரும்பினால் தங்கவேலு, எச்சில் கையோடு, தொந்தி குலுங்க, ஓட்டமும் நடையுமாக வருகிறார். அடடா, இவரும் நடைப் பிரியரா என்று எனக்கு ஒரே புளகாங்கிதம். கூடவே கர்வமும் வந்தது. இந்த உடம்போடு என்னை முந்துவதா? கையை வீசி வேகத்தைக் கூட்டினேன். அவரும் கூட்டினார். அடுத்த வளைவில் திரும்பிப் பார்த்தபோது, அவருக்குப் பின்னால் கறிக்கரண்டியோடு அவர் மனைவி, அதற்குப் பின்னால் சரோஜா, பிரதீபன், ஒரு சித்தப்பா. லயத்து வீட்டு வாசலில் நின்ற ஒரு பெண், "யாருக்கு என்னாச்சுங்க?" என்று பதறி விசாரித்தாள். நல்ல குடும்பம், சாப்பிட்டதும் எல்லோரும் நடக்கிறார்கள் என்று நான் மெச்சிக்கொண்டேன்.

ஏற்றத்தில் தங்கவேலு ரோட்டோரத்துப் போக்குக் கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டார். நான் வெற்றிப் புன்னகையோடு திரும்பி வந்தேன். அவர் முகத்தில் வியர்வை மட்டும் வழியவில்லை.

"பொண்ணுகிட்ட என்ன கொறைன்னு சொல்லிட்டாச்சும் போங்க சார்," என்றார்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. பிரதீபன் மூச்சிரைக்க வந்து நின்றான். அவன் பார்த்த பார்வையில், எஞ்சியிருந்த இரைப்பையும் சுருங்கிவிட்டது. சரோஜா வேண்டாம் வேண்டாம் என்று கண்ணைக் காட்ட, நான் நடுரோட்டில் சட்டையைத் தூக்கித் தழும்புகளைக் காட்டினேன்.

"கொறை பொண்ணுகிட்ட இல்லீங்க. எனக்குத்தான் வயிறு இல்ல."

சரோஜா தலையில் கை வைத்துக்கொண்டாள். தங்கவேலு விடைத்தாள் திருத்துகிறவர் மாதிரி என் வயிற்றை வெகுநேரம் ஆராய்ந்தார். பிறகு குனிந்து தன்னுடையதைப் பார்த்தார். கறிக்கரண்டியோடு நின்ற மனைவிக்குக் கேட்காதபடி என் காதருகே வந்தார்.

"எந்த டாக்டருங்க, சம்பந்தி?"

சார் போய் சம்பந்தி வந்ததும் பிரதீபனுக்கு உயிர் வந்தது.

கல்யாணம் நன்றாக நடந்தது. டாக்டர் அவருக்கு ஒப்பரேசன் வேண்டாம், நடை போதும் என்று சொல்லிவிட்டார். இப்போதும் நான் நாலு வாயோடு எழும்பினால் போதும், மொத்தப் பந்தியும் கையை நிறுத்திவிடும். மருமகள் கவிதா முகத்தை வெகு கவலையாக வைத்துக்கொண்டு கேட்பாள்:

"மாமா, நடக்கவா, கல்யாணத்த நிப்பாட்டவா?"

நான் பதில் சொல்வதற்குள் தங்கவேலு காலில் சப்பாத்தை மாட்டியிருப்பார்.