கால் ஊன்றாத கொட்டாய்

தீர்த்தகிரி இரண்டே விரலால் படபடவென்று தட்டிக்கொண்டிருந்தான். எந்த நேரமும் கரண்ட் போகலாம். போனால் காலையிலிருந்து கம்ப்யூட்டரில் ஏற்றிய கணக்கும் கூடவே போகும்.

கறுப்புத் திரையில், பச்சைக் கோடுகளால் ஆன ஒரு கொட்டாய் கரும்புத் தோகைபோல ஒரு பக்கம் சாய்ந்து நின்றது.

"ஏனுங்க தம்பி, அது எதுக்குங்க சாயுது?" என்றார் பக்கத்தில் இருந்த மருதாசலம்.

"காத்தடிச்சா அப்படித்தானுங்க."

"இன்னும் கட்டவே இல்லியே."

மருதாசலம் நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுகிறவர். புதுப் பட்டறைக்கு இரும்புத் தூண் நிறுத்திக் கொட்டாய் போடப்போகிறார். இன்ஜினீர் தீர்த்தகிரி புதிதாகத் திறந்த சொந்த ஆபீசுக்கு வந்த முதல் வேலை அதுதான். கம்ப்யூட்டரோ சேலத்துக் கடைக்காரர் ஓட்டிப் பார்த்து வாங்கிக்கொள்ளக் கொடுத்தது. சாயங்காலம் வேன் வரும். வேலை உறுதியானால் பெட்டி இங்கேயே இருக்கும். இல்லையென்றால் பெட்டி வேனில் ஏறும். பின்னாலேயே அவனும் பழைய கம்பெனிக்கு ஏற வேண்டியதுதான்.

எல்லாக் கணக்கையும் அந்தப் பெட்டி போட்டுவிடும். தூணின் அடி தரையோடு எப்படிச் சேர்கிறது என்பதை மட்டும் மனிதன்தான் சொல்ல வேண்டும். கதவுக் கீல்போல் அசைய விடலாம். அசையாமல் இறுக்கலாம். தீர்த்தகிரி கீல் என்று சொல்லியிருந்தான். அதனால்தான் அந்தச் சாய்வு.

"இறுக்கிப் பார்க்கலாமுங்க" என்று மாற்றித் தட்டினான்.

பெட்டி முனகியது. மின்விசிறி மெல்லச் சுற்றியது. வெளியே தார் ரோட்டில் வெயில் தண்ணீராய் நெளிந்தது. கொட்டாய் நிமிர்ந்தது. ஆனால் காற்றின் பாரம் முழுவதும் தூணின் அடியில் போய் இறங்கிவிட்டது.

"ஆடாதுங்க. ஒவ்வொரு தூணுக்கும் நல்ல ஆழமாக் குழி வெட்டி, கான்கிரீட் கொட்டி, அதுல போல்ட்டைப் புதைக்கோணும்."

மருதாசலத்தின் முகம் சுருங்கிப்போயிற்று. "குழியெல்லாம் வேண்டாமுங்க. லாரிச் சேஸில பாடியை யூ போல்ட்டுப் போட்டு மாட்டறமே, அந்த மாதிரி பண்ணுங்க. வேணும்னா மாட்டோணும், வேண்டாம்னா கழட்டோணும்."

"கொட்டாயை எதுக்குங்க கழட்டறீங்க?"

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

வேறு வழியில்லை. பாதி இறுக்கம், பாதி அசைவு என்று ஸ்பிரிங் வைத்தான். மத்தியான மயக்கத்தில், தூண் சாயாமல் பிடிக்க வேண்டிய ஸ்பிரிங்கை, தூண் பக்கவாட்டில் நகர்கிற இடத்தில் கொடுத்துவிட்டான். போதாததற்கு எண்ணில் சில சைபர்களையும் விழுங்கிவிட்டான்.

கொட்டாய் மெதுவாக நகர்ந்தது. திரையின் ஓரத்தைத் தொட்டது. பிறகு காணவில்லை.

"எங்கீங்க போகுது?"

எண்ணைப் பார்த்தான் தீர்த்தகிரி. "நாமகிரிப்பேட்டையைத் தாண்டிப் போயிருச்சுங்க."

கண்ணிமை கனத்தது அவனுக்கு. மஞ்சள் காட்டு வரப்பில், இரும்புக் காலைத் தூக்கித் தூக்கி வைத்து, கொட்டாய் நடந்து போவது தெரிந்தது. நாலைந்து கோழிகள் வரிசையாகப் பின்னால் போயின. யாரும் அதைத் தடுக்கவில்லை.

"தம்பி." மருதாசலத்தின் குரலில் ஒரு குழைவு. "இந்த மாதிரியே பண்ண முடியுமுங்களா? ராவோட ராவா நகர்ற மாதிரி?"

தீர்த்தகிரி விழித்துக்கொண்டான். "அது தப்புக் கணக்குங்க."

"தப்பா இருந்தாலும் நல்லா இருக்குதுங்க."

"ஆடிக் காத்துல சாய்ஞ்சு ஆளுங்க மேல விழுந்தா நான்தானுங்க பதில் சொல்லோணும். இறுக்கமாத்தான் போடுவேன். வேண்டாம்னா வேற இன்ஜினீரைப் பாத்துக்குங்க."

சொன்ன பிறகுதான் வேன் நினைவு வந்தது.

மருதாசலம் வெற்றுத் திரையையே ஏக்கமாகப் பார்த்தார். பிறகு தோள்துண்டை உதறி எழுந்தார்.

"என்ற பட்டறையில இருவது பேரு வேலை செய்யறாங்க. விழப்படாது. இறுக்கியே போடுங்க. சுருக்கா முடிச்சிருங்க, நாளைக்கே குழி எடுத்தர்றேன்."

அவர் படி இறங்கியதும் தீர்த்தகிரி சேலத்துக்கு டெலிபோன் போட்டான். "வேன் வேண்டாமுங்க. பெட்டி இங்கயே இருக்கட்டும்." பச்சைக் கொட்டாய் மறுபடி திரையில் நிமிர்ந்து நின்றது. அவனும் கொஞ்சம் நிமிர்ந்துகொண்டான்.

வாசலில் நிழலாடியது. மருதாசலத்தின் சாயலில், அவரைவிட மூத்த ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"மருதாசலம் போடற கொட்டாய்க்குக் கணக்குப் பாக்கறது நீங்கதானுங்களா? நான் அவனோட பெரியப்பன் மகன், வெங்கடாசலம்."

"ஆமாங்க. உக்காருங்க."

"தூணு காலு இறுக்கமுங்களா, லூசுங்களா?"

"நல்ல இறுக்கமுங்க."

"எடுக்கோணும்னா வருமுங்களா?"

"உடைச்சாத்தான் வருமுங்க."

அவர் முகம் மலர்ந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரைக்கு வெகு அருகில் உட்கார்ந்தார்.

"இன்னும் ஒரு முழம் ஆழமா இறக்குங்க சாமி. அந்தப் பூமி என்னுதுங்க."