மாப்பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்த மூன்று பதில்கள்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மனைவியின் அண்ணன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதுவதுதான் முறை. நான் நலமாக இல்லை. அங்கே நீங்கள் எப்படி இருப்பீர்கள் என்பதும் தெரியும், ஏனென்றால் தங்கை நான்கு நாளாக என் போனை எடுக்கவில்லை.

இருபத்து நான்கு வருடமாகக் கட்டட வழக்கு மட்டுமே நடத்துகிற நான், கட்டிக்கொடுத்த வீடு விரிசல் விட்டதென்று வீட்டுக்காரர் வழக்குப் போட்ட என் கட்சிக்காரரான கான்டிராக்டருக்குச் சாட்சி சொல்ல உங்களைக் கூப்பிட்டது முதல் தப்பு, வேறு இன்ஜினியரே கிடைக்காத மாதிரி. நீங்கள் போய் அந்த வீட்டின் மூன்று விரிசலுக்கும் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒட்டிவிட்டு வந்தீர்கள், கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது என்று எனக்கும் விளக்கினீர்கள், ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் இரண்டு அப்படியே இருக்கிறது, அந்த வீட்டுப் பிள்ளைகள் படுக்கிற அறையின் வெளிச்சுவரில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒட்டியது மட்டும் பிளந்துகிடக்கிறது. துண்டுகளைப் பையில் போட்டு எடுத்து வந்து, "மச்சான், இதை அறிக்கையில எழுதாம விட்டா தப்பு" என்றீர்கள். "எழுத வேண்டாம்னு நான் சொல்லலையே, கேட்டா சொல்லுங்க" என்றேன் நான். எவ்வளவு சுத்தமான வார்த்தை பாருங்கள், எந்தச் சட்டத்திலும் மாட்டாது.

அதோடு விட்டேனா? மூன்று நாள் உங்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, தங்கை பரிமாறப் பரிமாற, "கூண்டுல ஏறினா மூணே பதில்தான் மாப்பிள்ளை, ஆமா, இல்ல, ஞாபகம் இல்ல, நெருக்கிப் பிடிச்சா மூணாவதுக்கு ஓடிடுங்க" என்று பாடம் எடுத்தேன். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷர் நீங்கள், எதிர்த்தரப்பு வக்கீலம்மா எடுத்த எடுப்பிலேயே எத்தனை கண்ணாடி ஒட்டினீர்கள் என்று கேட்டதும் நேரே மூன்றாவதுக்கு ஓடி "ஞாபகம் இல்ல" என்றீர்கள், எந்தெந்தச் சுவர் என்றதற்கும் அதே, இந்த வக்கீல் உங்களுக்கு என்ன உறவு என்றதற்கும் அதே. "கல்யாணம் ஆயிடுச்சா?" என்று அந்த அம்மா கேட்டதற்கும் அதையே சொல்வீர்கள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. கடைசி பெஞ்சில் உங்களுக்குச் சாப்பாட்டு டப்பாவோடு தங்கை உட்கார்ந்திருந்தாள். நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். உங்களை இல்லை, என்னைத்தான்.

தங்கை டப்பாவை பெஞ்சிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள், நான் அதைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினால் வாசலில் அந்த வீட்டுக்காரர் வழிமறிக்கிறார். "சார், ஜெயிக்கிறது தோக்கிறது இருக்கட்டும், அந்த ரூம்ல பிள்ளைங்க படுக்கலாமா?" என்றார். "உங்க வக்கீலைக் கேளுங்க" என்றேன். தொழில்படி சரியான பதில்தான், ஆனால் அதைச் சொன்ன பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. சாயங்காலமே அவர் வீட்டுக்குப் போய், "கட்டிலை முன்னறைக்கு மாத்துங்க, இப்பவே" என்று ஒரு முனையை நானே பிடித்தேன். எதிர்க்கட்சிக்காரரிடம் அவர் வக்கீலுக்குத் தெரியாமல் பேசியதும் தப்புதான். இந்த ஒரு தப்புக்கு மட்டும் வருத்தமில்லை.

மற்றதுக்கெல்லாம் வெட்கமாக இருக்கிறது. திங்கட்கிழமை நீதிபதியிடம் மூன்றாவது கண்ணாடியைப் பற்றிச் சொல்லி, உங்களை அப்படிப் பேசவைத்தது நான்தான் என்று ஒத்துக்கொண்டு, வழக்கிலிருந்து விலகப்போகிறேன். இத்தனை வருடம் எடுத்த பெயர் போகும், போகட்டும். உங்க நல்ல பேரைக் கெடுத்துட்டேன், மன்னிச்சிருங்க மாப்பிள்ளை. பிள்ளைகளுக்கு என் ஆசி. நீங்கள் நீண்ட நாள் சுகமாக வாழ வேண்டும், என் தங்கையோடேயே.

இப்படிக்கு,
முகம் காட்ட முடியாத மச்சான்

பி.கு.: இதை மடிக்கும்போது கான்டிராக்டர் வந்து என் மேசைமேல் தலையை வைத்து அழுதுவிட்டுப் போனார். திங்கட்கிழமை விஷயத்தைக் கொஞ்சம் யோசித்துச் செய்யலாம் என்றிருக்கிறேன். அன்றைக்கு உங்களையும் மறுபடி கூண்டில் ஏற்றுவார்கள். மச்சானிடமிருந்து கடிதம் ஏதாவது வந்ததா என்று கேட்டால், அந்த மூன்றாவது பதிலையே சொல்லிவிடுங்கள்.